டேக்வாண்டோ பூம்சே: பெயர்களும் நிலைகளும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறு மணிக்கு, கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவுக்கு வகுப்பு எடுக்கிறேன். பெல்ட் தேர்வு நெருங்கினால் போதும், பெற்றோர் கையில் ஒரு ஜெராக்ஸ் தாளோடு மாடி ஏறி வருவார்கள். "மாஸ்டர், இதுல ஒண்ணு போட்டிருக்கு, நீங்க வேற ஒண்ணு சொல்றீங்க, யூடியூப்ல மூணாவதா ஒண்ணு சொல்றான்." மூன்றுமே சரியாக இருக்கலாம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அதனால்தான் எழுதி வைத்துவிடுகிறேன்.

பேட்டர்ன், பூம்சே, டுல், ஹ்யங்: எல்லாம் ஒன்றுதானா?

வேலை ஒன்று, வீடு வேறு. எதிராளி இருப்பதாக நினைத்துக்கொண்டு, வரையறுத்த வரிசையில் தடுத்து, குத்தி, உதைத்து, திரும்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் பயிற்சி அது. சிலம்பத்தில் காலடி வரிசை போட்டுப் பழகுகிறோமே, அந்த மாதிரி. பழைய பெயர் ஹ்யங். டாங் சூ டோ என்ற இன்னொரு கொரியக் கலையின் பள்ளிகளில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஐ.டி.எஃப், அதாவது சர்வதேச டேக்வாண்டோ சம்மேளனம், அந்த அமைப்பைப் பின்பற்றுபவர்கள் டுல் என்பார்கள். சியோலில் இருக்கும் குக்கிவோன் முறையில், அதாவது ஒலிம்பிக் டேக்வாண்டோ நடத்தும் வேர்ல்டு டேக்வாண்டோ பக்கம், பூம்சே. பேட்டர்ன் என்பது ஐ.டி.எஃப் பக்கத்து ஆங்கிலம்.

எங்கள் பிள்ளை படிப்பது எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சொல்லிக்கொடுத்த வரிசையின் பெயரைக் கேளுங்கள். 'சோன்-ஜி' என்றால் ஐ.டி.எஃப். 'டேகுக் இல் ஜாங்' என்றால் குக்கிவோன். பிறகு இந்தப் பக்கத்தில் இருப்பதைப் படியுங்கள். இது தெரியாமல் மேலே படித்தால் குழப்பம்தான் கூடும்.

இரண்டு பக்கம் எப்படி வந்தது என்பது பெரிய கதை. சுருக்கமாக: 1955இல் 'டேக்வாண்டோ' என்ற பெயர் வந்ததில் ஜெனரல் சோய் ஹோங் ஹிக்குப் பெரிய பங்கு. அவர் 1966இல் ஐ.டி.எஃப் அமைப்பைத் தொடங்கினார். 1972இல் சியோலில் குக்கிவோன் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சோய் கனடாவுக்குப் போய்விட்டார். 1973இல் உலகச் சம்மேளனம், இன்றைய வேர்ல்டு டேக்வாண்டோ, தனியாக உருவானது. 2000 சிட்னியில் டேக்வாண்டோ முழுப் பதக்க விளையாட்டானபோது அந்த இரண்டாம் பக்கம்தான் உள்ளே போனது. குடும்பம் பிரிந்தால் சமையல் குறிப்பும் பிரியும் அல்லவா, அதுதான் இங்கே நடந்திருக்கிறது.

கொரியச் சொற்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? ஆங்கிலத்தில் சொன்னால் போதாதா?

ஆங்கிலத்தில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம் என்பது என் கட்சி. கொரியச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் மனப்பாடமே வேண்டாம். தமிழ் தெரிந்தவருக்கு அது சுலபமும்கூட.

கொரிய மொழியில் வினைச்சொல்லோடு 'கி' சேர்த்தால் அது பெயராகிவிடும். நம்முடைய 'தல்' விகுதி செய்கிற அதே வேலை. தடு, தடுத்தல்: மக்கி. நில், நிற்றல்: சொகி. உதை, உதைத்தல்: ச்சாகி. அடி, அடித்தல்: ச்சிகி. குத்து, குத்துதல்: ஜிருகி. இந்த ஐந்தும் தெரிந்தால் எந்தப் பெயரைக் கேட்டாலும் அதன் கடைசிச் சொல் புரிந்துவிடும். கடைசிச் சொல் புரிந்தால் என்ன செய்யவேண்டும் என்பது புரிந்துவிடும்.

அதற்கு முன்னால் வருபவை எங்கே, எதால், எந்தப் பக்கமாக என்று சொல்லும். அப் என்றால் முன், யோப் என்றால் பக்கம், ட்வி என்றால் பின். குக்கிவோன் பக்கத்தில் அரே என்றால் கீழ்ப்பகுதி, மொம்தோங் என்றால் உடம்பின் நடுப்பகுதி, ஓல்குல் என்றால் முகம். ஐ.டி.எஃப்பில் இதே மூன்றும் நஜுண்டே, கவுண்டே, நொபுண்டே. 'அப் ச்சாகி' முன் உதை. 'அரே மக்கி' கீழ்த்தடுப்பு. அவ்வளவுதான்.

எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒருபோதும் மறக்காத சொல் 'சொன்னால்'. சொன் என்றால் கை, நால் என்றால் கத்தியின் கூர். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரம், ஆங்கிலத்தில் நைஃப் ஹேண்ட். 'சொன்னால் மக்கி' என்று நான் கத்தினால் பின்வரிசையில் யாராவது "சொல்லாட்டி என்ன மாஸ்டர்?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

ஒவ்வொரு தாளிலும் ஸ்பெல்லிங் வேறு வேறாக இருக்கிறதே?

அடிப்படைப் பயிற்சியைக் குறிக்கும் கிபோன் என்ற சொல்லை ஆங்கிலத்தில் K போட்டும் எழுதியிருப்பார்கள், G போட்டும் எழுதியிருப்பார்கள். கறுப்பு பெல்ட் படிநிலை டான், தான். அதற்குக் கீழுள்ள படிநிலை குப், கப். யாரும் தப்பு செய்யவில்லை. கொரிய எழுத்தைத் தமிழ் 'க' மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 'கடல்' என்பதில் ஓர் ஒலி, 'நகம்' என்பதில் வேறு ஒலி, 'தங்கம்' என்பதில் இன்னோர் ஒலி. எழுத்து ஒன்றே. கொரியத்திலும் ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் வல்லென்றும் நடுவில் மெலிந்தும் ஒலிக்கும். அதை ஆங்கில எழுத்தில் பிடிக்கப் போனவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பிடித்தார்கள். 2000இல் கொரிய அரசு புதிய எழுத்துமுறை கொண்டுவந்தது. பழைய தாள்கள் பழைய முறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஜிருகி என்றால் முஷ்டியால் குத்துவது. ஜ்ஜிருகி என்று அழுத்திச் சொன்னால் விரல்நுனியால் பாய்ச்சுவது. நமக்கு ல, ள போல அவர்களுக்கு இது. குக்கிவோன் வகுப்புகளில்தான் இந்தச் சிக்கல். ஐ.டி.எஃப்பில் விரல்நுனிப் பாய்ச்சலுக்கு துல்கி என்று தனிச்சொல் இருக்கிறது.

'வாக்கிங் ஸ்டான்ஸ்' என்றால் நீண்ட நிலையா, குறுகிய நிலையா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஆங்கிலம் செய்த வேலையும் இதுதான்.

ஐ.டி.எஃப்பில் குன்னுன் சொகி என்று ஒரு நிலை. குன்னுன் என்றால் நடக்கிற. அதை வாக்கிங் ஸ்டான்ஸ் என்று மொழிபெயர்த்தார்கள். அது நீண்ட நிலை: தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம், ஒரு தோள் அகலம், எடை இரண்டு காலிலும் சமம். குக்கிவோனில் அப் சொகி என்று ஒன்று இருக்கிறது. சாலையில் நடந்துபோகும்போது யாரோ கூப்பிட்டு நின்றால் கால் எப்படி இருக்குமோ அப்படி, குறுகியது, முட்டி நிமிர்ந்தது. அதையும் ஆங்கிலத்தில் வாக்கிங் ஸ்டான்ஸ் என்றே போட்டுவிட்டார்கள்!

ஐ.டி.எஃப் குன்னுன் சொகிக்கு நெருங்கிய உறவு குக்கிவோனின் அப் குபி. குபி என்றால் வளைவு, மடிப்பு. முன்கால் மடங்கும், பின்கால் நீளும், எடையில் மூன்றில் இரண்டு பங்கு முன்காலில். உறவு என்றேனே தவிர இரட்டைப் பிள்ளை இல்லை. எடைப் பங்கீடு வேறு. முன்முட்டி நிற்கும் இடமும் வேறு: ஐ.டி.எஃப்பில் முட்டி குதிகாலுக்கு நேர் மேலே, குக்கிவோனில் குனிந்து பார்த்தால் முட்டியும் கால்விரல் நுனியும் ஒரே கோட்டில்.

அளவு சரியா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

டேப் வேண்டாம். பிள்ளையின் பாதமே அளவுகோல். பெசன்ட் நகர் கடற்கரைக்கோ திருவான்மியூர் கடற்கரைக்கோ போகிற நாளில், அலை இழுத்துவிட்டுப் போன ஈர மணலில் நிலையில் நிற்கச் சொல்லுங்கள். பிறகு மெதுவாக விலகச் சொல்லிவிட்டு, பின்குதிகால் தடத்திலிருந்து முன்விரல் நுனி வரை அடிமேல் அடிவைத்து எண்ணச் சொல்லுங்கள். அப் சொகி என்றால் மூன்று பாதம். அப் குபி என்றால் நாலு, நாலரை.

மணல் இன்னொன்றும் காட்டிக்கொடுக்கும். எந்தக் காலின் தடம் ஆழமாக இருக்கிறது என்று பாருங்கள். அப் குபியில் முன்தடம் ஆழமாக இருக்கவேண்டும். பெரும்பாலான மஞ்சள் பெல்ட் பிள்ளைகளுக்குப் பின்தடம்தான் பள்ளமாக இருக்கும், கூடவே பின்பாதம் முழுசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். இதை நான் வாயால் நூறு தடவை சொன்னதைவிட அந்தத் தடத்தை ஒரு தடவை காட்டியதில் திருந்தியவர்கள் அதிகம்.

எல் ஸ்டான்ஸில் வலது, இடது ஏன் தலைகீழாக இருக்கிறது?

முதலில் பெயர். ஐ.டி.எஃப்பில் இது நியுன்ஜா சொகி. நியுன் என்பது கொரிய எழுத்து ஒன்றின் பெயர், நம் 'ந' ஒலிக்கு உரியது. அதன் வடிவம் செங்குத்தாக ஒரு கோடு, கீழே படுக்கையாக ஒரு கோடு. பாதங்கள் இரண்டும் அப்படி நிற்பதால் அந்தப் பெயர். ஆங்கிலக்காரர் தன் எழுத்தில் அதே வடிவத்தைத் தேடி எல் என்றார். நாம் தேடினால் 'ட' இருக்கிறது. என் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அது 'டானா நிலை'தான். குக்கிவோனில் இதற்கு இணை ட்விட் குபி, பின்மடிப்பு. இரண்டிலும் எடையில் சுமார் எழுபது பங்கு பின்காலில், முப்பது முன்காலில்.

இனி வலது, இடது. முன்மடிப்பில் முன்கால்தான் கணக்கு: வலதுகால் முன்னே இருந்தால் வலது அப் குபி. பின்மடிப்பில் பின்கால்தான் கணக்கு: வலதுகால் பின்னே இருந்து பாரம் சுமந்தால் அது வலது ட்விட் குபி, முன்னே நீட்டியிருப்பது இடதுகாலாக இருந்தாலும். பெயரிலேயே விடை இருக்கிறது, எது மடங்குகிறதோ அதற்குப் பெயர். ஐ.டி.எஃப்பிலும் இதே வழக்கம். ஆங்கில அட்டவணையைப் பார்த்து 'ரைட் எல் ஸ்டான்ஸ்' என்று படித்தவன் வலதுகாலை முன்னே வைப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது.

பாரோ ஜிருகி, பண்டே ஜிருகி: எந்தக் கை?

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாரோ என்றால் நேர், முறைப்படி. பண்டே என்றால் எதிர்.

குக்கிவோனில், முன்காலுக்கு எதிர்ப்பக்கக் கையால் குத்தினால் பாரோ. முன்கால் எந்தப் பக்கமோ அதே பக்கக் கையால் குத்தினால் பண்டே. ஐ.டி.எஃப் நீண்ட நிலையில் அப்படியே தலைகீழ்: அதே பக்கம் பாரோ, எதிர்ப்பக்கம் பண்டே.

டேகுக் இல் ஜாங்கை வைத்தே பார்த்துவிடலாம். இடதுபக்கம் திரும்பி அரே மக்கி. அடுத்து வலதுகாலை எடுத்து வைத்து வலது கையால் குத்து. காலும் கையும் ஒரே பக்கம், ஆகவே பண்டே ஜிருகி. பின்னால் திரும்பி அதையே மறுபக்கம் செய்து, முன்பக்கம் வந்து இடதுகால் அப் குபியில் அரே மக்கி. உடனே காலை அசைக்காமல் வலது கையால் குத்து. கால் இடது, கை வலது, ஆகவே பாரோ ஜிருகி. ஆறே அசைவில் இரண்டும் வந்துவிட்டன. இப்போது சோன்-ஜியின் இரண்டாவது அசைவு: வலதுகால் முன்னே, வலது கைக்குத்து. டேகுக்கில் பண்டே என்றோமே, அதே கை, அதே கால். ஐ.டி.எஃப்பில் அதன் பெயர் பாரோ.

குக்கிவோன் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் குறுக்குவழி: நடந்து பார். இடதுகால் முன்னே போகும்போது வலது கைதானே வீசுகிறது? அது இயல்பு, அதுதான் பாரோ.

அம்பத்தூர் பக்கம் ஐ.டி.எஃப் வகுப்பில் மூன்று வருஷம் படித்துவிட்டு, அப்பா வேலை மாறியதால் எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு பெண் முதல் தேர்விலேயே இதில் மாட்டிக்கொண்டாள். தேர்வாளர் "பண்டே ஜிருகி" என்றார். அவள் கொஞ்சம்கூடத் தயங்காமல், அழகாக, பழைய வகுப்பின் பண்டேயைப் போட்டாள். தேர்வாளர் தப்பு என்று போட்டுவிட்டார். அவள் அழவில்லை, ஆனால் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தப்பு என்னுடையது. வேறு பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் சொல்கிறேன்.

பரதநாட்டியமும் கற்கிறாள். அரைமண்டியும் ஹார்ஸ் ஸ்டான்ஸும் ஒன்றா?

மயிலாப்பூரிலிருந்து வரும் அம்மாக்கள் தவறாமல் கேட்பது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே நேர்மாறு. அரைமண்டியில் குதிகால்கள் நெருங்கி, பாதம் இரண்டும் பக்கவாட்டில் திரும்பி, முட்டி வெளியே விரிகிறது. ஹார்ஸ் ஸ்டான்ஸில், கொரியத்தில் ஜூச்சும் சொகி, பாதங்கள் அகன்று, விரல்கள் நேராக முன்னே பார்க்கும், இரண்டு பாதமும் ரயில் தண்டவாளம் மாதிரி இணை. ஐ.டி.எஃப்பில் இதற்கு அன்னுன் சொகி என்று பெயர், அன்னுன் என்றால் உட்காருகிற. குதிரையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது, உட்கார்ந்தாற்போல் நில் என்பதுதான்.

நாட்டியம் கற்ற பிள்ளைகளுக்குத் தொடையில் பலம் இருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். பாதம் மட்டும் தானாக வெளியே திரும்பிக்கொள்ளும். மொட்டை மாடித் தளவோட்டின் கோட்டில் பாதத்தின் வெளியோரத்தை வைத்து நிற்கச் சொல்வேன். கோடு பொய் சொல்லாது.

'ஆன்' என்றால் உள்ளே, 'பக்காட்' என்றால் வெளியே. சரி, எதன் உள்ளே?

நல்ல கேள்வி. இந்தச் சொற்களுக்கு இரண்டு வேலை. மக்கிக்கு ஒட்டி முன்னால் வந்தால் திசை: ஆன் மக்கி வெளியிலிருந்து உள்நோக்கி வரும் தடுப்பு, பக்காட் மக்கி உள்ளிருந்து வெளிநோக்கிப் போவது. பால்மோக், அதாவது முன்கை, அதற்கு முன்னால் வந்தால் திசை இல்லை, கையின் பக்கம்: ஆன் பால்மோக் கட்டைவிரல் பக்கம், பக்காட் பால்மோக் சுண்டுவிரல் பக்கம். ஆகவே 'ஆன் பால்மோக் பக்காட் மக்கி' என்று கேட்டால் உள்ளேயா வெளியேயா என்று மிரள வேண்டாம். கட்டைவிரல் பக்கத்து முன்கையால் வெளிநோக்கித் தடு.

புலி, கொக்கு என்றெல்லாம் நிலைகள் உண்டாமே?

உண்டு. பொம் சொகி புலி நிலை, எடை ஏறக்குறைய முழுவதும் பின்காலில், முன்காலில் விரல்பந்து, அதாவது விரல்களுக்குக் கீழே பாதம் திரண்டிருக்கும் பகுதி, மட்டும் தரையில். டேகுக் ஏழில் வரும். ஹக்தாரி சொகி கொக்குக்கால் நிலை, கறுப்பு பெல்ட்டுக்குப் பிறகு கும்காங் என்ற வரிசையில் வரும். மஞ்சள் பெல்ட் கட்டியவர் இப்போதே கவலைப்பட வேண்டாம்.

டேகுக், சோன்-ஜி, டோய்-கே: இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் உண்டா?

நிறைய. டேகுக் எட்டும் எட்டுக் குறிகளைச் சார்ந்தவை: வானம், ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, பூமி. கோடும் உடைந்த கோடுமாக மூன்று வரி அடுக்கியிருக்கும். அவற்றில் நான்கு தென்கொரியக் கொடியின் நான்கு மூலைகளில் இருக்கின்றன. கே-டிராமா பார்க்கும் பிள்ளைகள் இதை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஐ.டி.எஃப்பில் 24 டுல், ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்க. சோன்-ஜி என்றால் வானும் மண்ணும், 19 அசைவு. மற்றவை பெரும்பாலும் கொரிய வரலாற்று மனிதர்கள். அசைவுகளின் எண்ணிக்கையிலும் சிலவற்றில் செய்தி ஒளிந்திருக்கும். ஜூங்-குன் 32 அசைவு: கொரிய விடுதலைப் போராளி ஆன் ஜுங்-குன் 1910இல் தூக்கிலிடப்பட்டபோது கொரியக் கணக்கில் அவருக்கு வயது 32. டோய்-கே என்பது அறிஞர் யீ ஹ்வாங்கின் புனைபெயர். கொரிய 1000 வொன் நோட்டில் இருப்பவர் அவர்தான். இன்னொரு டுல்லுக்குப் பெயர் கொடுத்த அறிஞர் யுல்-கோக் 5000 வொன் நோட்டில். கடற்படைத் தளபதி யீ சுன்-சின் நினைவாக வந்த சூங்-மூ 30 அசைவு. அது இடது கைத் தாக்குதலோடு முடிவது அவருடைய அகால மரணத்தின் அடையாளம் என்பார்கள்.

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர். அப்படியென்றால் இதெல்லாம் நம்முடையதுதானே?

சினிமா பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். போதிதர்மர் பற்றிய மரபுக்கதைகள் இருக்கட்டும். டேக்வாண்டோ இன்றைய வடிவம் பெற்றது 1945இல் கொரியா விடுதலை அடைந்த பிறகு, சியோலின் பயிற்சிக்கூடங்களில். அதைத் தொடங்கியவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். சோய் ஹோங் ஹியும் அப்படித்தான். டாங் சூ டோவின் ப்யோங்-ஆன் வரிசைகள் ஓகினாவா கராத்தேயின் பினான் வரிசைகளிலிருந்து வந்தவை. எழுத்துகூட அதே சீன எழுத்துதான், உச்சரிப்பு மட்டும் கொரியம். நம்முடையது வேண்டும் என்றால் சிலம்பம் இருக்கிறது, அதற்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள்.

நிலைப் பயிற்சியால் முட்டி வலிக்கிறதே?

திரும்பும்போது குதிகால் தரையை அழுத்திக்கொண்டிருந்தால் பாதம் நின்றுவிடும், முட்டி மட்டும் முறுக்கிக்கொள்ளும். விரல்பந்தில் சுழலவேண்டும். முன்முட்டி உள்பக்கம் சரியக்கூடாது, விரல்களின் திசையிலேயே நிற்கவேண்டும். இரண்டையும் திருத்தியும் வலி போகவில்லை என்றால் என்னிடம் வராதீர்கள், எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

தேர்வு அன்றைக்கு என்னென்ன கட்டளை வரும்?

சாரியொட்: நேராக நில். கியங்நே: வணங்கு. ஜூன்பி: தயாராகு. பிறகு வரிசையின் பெயர், இல், ஈ, சாம், சா, ஓ, யுக், சில், பால் என்ற சீனவழி எண்ணோடு. எட்டாவது டேகுக் 'பால் ஜாங்'. சிரிக்க வேண்டும் என்றால் வீட்டிலேயே சிரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பயிற்சியில் அசைவுக்கு அசைவு எண்ணும்போது ஹானா, துல், செட், நெட் என்ற தனிக் கொரிய எண்கள் வரும். ஷிஜாக் என்றால் தொடங்கு.

கடைசி அசைவில் கிஹாப், அதாவது உரத்த முழக்கம், கொடுத்ததும் பிள்ளைகள் ஓடிவந்து ஜூன்பியில் நின்றுவிடுகிறார்கள். கூடாது. கடைசி நிலையிலேயே அசையாமல் இருக்கவேண்டும், 'பாரோ' என்ற கட்டளை வரும்வரை. குத்தில் பார்த்த அதே பாரோதான், இங்கே 'முறைப்படி பழைய நிலைக்குத் திரும்பு' என்று பொருள். போன தேர்வில் மின்விசிறிச் சத்தத்தில் பாரோ கேட்காமல் ஒரு ஆறு வயதுப் பையன் வலது அப் குபியில், கை நீட்டியபடி, வியர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டே இருந்தான். தேர்வாளர் எழுந்துபோய் அவன் பக்கத்தில் நின்று காதோடு சொன்ன பிறகுதான் காலை இழுத்தான்.